கவரத்தி எந்தப் பக்கம்?

பிள்ளைகளே! மைதானத்தில் ஓர் இடத்தில் நின்று, கிழக்கே 40 அடி நடங்கள். அப்படியே வடக்கே திரும்பி 30 அடி நடங்கள். நடந்தது 70 அடி. இப்போது புறப்பட்ட இடம்வரை ஒரு கயிற்றை நேராக இழுத்துப் பிடியுங்கள். 50 அடிதான் வரும்! 70 என்பது கடந்த தொலைவு. 50 என்பது இடப்பெயர்ச்சி. அதற்குத் திசையும் சொல்ல வேண்டும். அஞ்சுகிராமத்தில் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த நாள்களில், திசையை எழுதாமல் மதிப்பெண் இழந்தவர்கள் அநேகம்.

கடலில் திசை தவறினால் போவது மதிப்பெண் அல்ல. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. அப்போது உங்களில் சிலர் பிறந்தேகூட இருக்க மாட்டீர்கள். வாழையும் ரப்பரும் சாய்ந்தன. ஆழ்கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. சில படகுகள் லட்சத்தீவில் கரை சேர்ந்தன. அதன் தலைநகர் கவரத்தி எவ்வளவு தூரம், எந்தப் பக்கம்?

அட்லஸை எடுங்கள். கன்னியாகுமரி ஏறக்குறைய 8 டிகிரி அட்சரேகை, 77½ டிகிரி தீர்க்கரேகை. கவரத்தி 10½, 72½. அதாவது மேற்கே 5 டிகிரி, வடக்கே 2½ டிகிரி. நம் பக்கத்தில் ஒரு டிகிரி சுமார் 110 கிலோமீட்டர். (காஷ்மீரில் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும், அங்கே இந்தக் கணக்கு பலிக்காது.) ஆக, மேற்கே 550, வடக்கே 275.

இவை செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கர்ணம் கிடைக்கும்: சுமார் 615 கிலோமீட்டர். திசைக்கு, கட்டம் போட்ட தாளில் இடப்பக்கம் 10 கட்டம், மேலே 5 கட்டம் வரைந்து, கோணமானியை வையுங்கள். மேற்கிலிருந்து வடக்கு நோக்கி 27 டிகிரி அளவில் காட்டும்.

ஒரு வேடிக்கை. அந்த நேர்கோடு தொடக்கத்தில் நம் மாவட்டத்து நிலத்தின் மேலேயே ஓடுகிறது! படகு தரையில் ஓடுமா? கரையைச் சுற்றித்தான் போக வேண்டும். அதனால் படகு கடக்கும் தொலைவு எப்போதும் இடப்பெயர்ச்சியைவிடக் கூடுதல்தான்.

திசையில் 10 டிகிரி பிசகினால் என்ன ஆகும் தெரியுமா? அத்தனை தூரம் ஓடி முடிக்கும்போது கவரத்தியை விட்டு 100 கிலோமீட்டருக்கு மேல் விலகி நிற்போம். சுற்றிலும் தண்ணீர்தான்.

சரி, கவரத்தியில் இருந்து ஊர் திரும்பும் படகு எந்தத் திசையைப் பிடிக்க வேண்டும்? அதே தாளைத் திருப்பிப் பார்த்துச் சொல்லுங்கள்.