சங்கதி தோலில் இருக்கிறது

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். ஆரஞ்சு ஒயினில் ஆரஞ்சுப் பழம் கிடையாது. பச்சைத் திராட்சையைத் தோலோடு ஊறவைத்து நொதிக்கவிட்டுச் செய்யும் ஒயின் அது.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தொடங்கினால் எளிதாக விளங்கும். சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு பந்தலுக்கடியில் நின்று பன்னீர் திராட்சை ஒன்றைப் பிதுக்கிப் பாருங்கள். தோல் கருநீலம், உள்ளே சதை வெளிறிய பச்சை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த ரகத்தை வெளிநாடுகளில் மஸ்கட் ஹாம்பர்க் என்பார்கள். தோலோடு நொதித்தால் சிவப்பு ஒயின் வரும். பறித்த உடனே மெதுவாகப் பிழிந்து தோலை ஒதுக்கிவிட்டால் வெளிர் நிறம்தான். நிறம் அத்தனையும் தோலில் இருக்கிறது. மணத்திலும் பெரும்பங்கு அங்கேதான். ரோஜாவில் உள்ள ஜெரானியால் என்ற மணப்பொருள் இந்தத் திராட்சைத் தோலிலும் உண்டு.

பச்சைத் திராட்சையில் வெள்ளை ஒயின் செய்பவர்கள் வழக்கமாகத் தோலை உடனே நீக்கிவிடுவார்கள். நீக்காமல் சில நாள் முதல் சில மாதம் வரை சாற்றோடு விட்டால் தேன் நிறமும் துவர்ப்பும் ஏறும். உங்கள் கையிலுள்ள டீயும் இப்படித்தான்: தூள் வெந்நீரில் எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு நிறம், அவ்வளவு துவர்ப்பு. துவர்ப்பைத் தருவது டானின். அது காற்றினால் ஒயின் கெடுவதையும் ஓரளவு தடுக்கும். அதனால்தான் ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தக மருந்தை மிகக் குறைத்துக்கொள்ளும் சிறிய இயற்கை ஒயின்காரர்கள் இந்த முறையை விரும்புகிறார்கள்.

முறை புதிதல்ல. ஜார்ஜியாவில் மண்ணில் புதைத்த பெரிய சாடிகளில் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். 2013இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. இத்தாலிய ஒயின் தயாரிப்பாளர் யோஷ்கோ கிராவ்னர் அந்தச் சாடிகளைத் தம் ஊருக்குக் கொண்டுபோய் 2001 முதல் அவற்றில் நொதிக்கவைத்தார். உலகின் கவனம் இந்த ஒயின் பக்கம் திரும்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

கம்பத்தில் யாராவது செய்ய விரும்பினால் கருநிறப் பன்னீர் உதவாது. பச்சைத் திராட்சை வேண்டும். அதைவிட முக்கியம், தோல் எப்படிப்பட்டது என்பது. வெள்ளை ஒயினில் சாறு மட்டுமே தொட்டிக்குப் போகும். இங்கே தோலும் போகிறது, அதில் ஒட்டியிருப்பதெல்லாமும் போகிறது. நொதிக்கவைக்கும் இயற்கை ஈஸ்ட்டும் அதில் இருக்கும், சாம்பல் நோய் போன்ற பூஞ்சை நோய்களுக்கு அடித்த மருந்தின் மிச்சமும் இருக்கும். பூஞ்சையைக் கொல்ல அடித்த மருந்து ஈஸ்ட்டையும் முடக்கக்கூடும். ஈஸ்ட்டும் ஒரு பூஞ்சைதானே. கவாத்து மாற்றி மாற்றிச் செய்து ஆண்டு முழுக்கப் பழம் எடுக்கும் பள்ளத்தாக்கில், மழைக்காலக் கொத்து மருந்தில்லாமல் தப்புவது கடினம். ஆகவே, வெயில் காலத்தில் பழுக்கும்படி கவாத்து நாளைக் குறிப்பதும், பந்தலில் காற்று புக இலையைக் கழிப்பதும், அறுவடைக்கு நன்கு முன்பே மருந்தை நிறுத்துவதும்தான் இந்த ஒயினின் முதல் வேலைகள். அவற்றைத் தெரிந்த கைகள் விவசாயியுடையவை. நல்ல ஆரஞ்சு ஒயினுக்கு விலை வைக்கும்போது பெரும்பங்கு அவருக்குப் போக வேண்டும்.