காவலுக்குக் குட்டி வாங்கப் போறீங்களா?

கணவருக்கு நைட் ஷிப்ட். ஊருக்கு ஒதுக்குப்புறமான வீட்டில் நானும் இரண்டு பிள்ளைகளும்தான். அதனால் ராஜபாளையம் குட்டி தேடினோம். 'சீறுற குட்டியா எடும்மா, நல்லா காவல் காக்கும்' என்றார்கள் பலர். நம்பாதீங்க தோழிகளே! பிள்ளைகள் நடமாடும் வீட்டுக்குப் பயமோ முரட்டுத்தனமோ இல்லாத குட்டியே ஏற்றது. தாய் நாயின் குணத்தையும் பாருங்கள். வெள்ளை ராஜபாளையத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. குட்டியைத் தனியே விட்டு, பின்னாலிருந்து கைதட்டுங்கள். திரும்பிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். 8 வாரமாவது தாயிடம் இருக்கட்டும். தடுப்பூசிகளைக் கால்நடை டாக்டர் சொல்கிறபடி தவறாமல் போடுங்கள். குட்டி வளர்ந்து காவலுக்கு நிற்க ஒரு வருஷத்துக்கு மேலாகும். அதுவரை நல்ல தாழ்ப்பாளும் வாசல் விளக்கும்தான் நமக்குக் காவல்!

- ஒரு வாசகி, விருதுநகர்.