செபராங் பிறை மாநகர் கழகமும் தோட்டப்புற மக்களும்

"கவுன்சில் பட்டணத்தாருக்கு; நமக்குத் தோட்டத்து ஆபீசு" என்னும் பேச்சைத் தோட்டப்புறங்களில் இன்றும் கேட்கலாம். ஒரு காலத்தில் இப்பேச்சு முழு உண்மையாகவே இருந்தது. லயத்து வீடு, குழாய்த் தண்ணீர், சாக்கடை, ஆயாக் கொட்டகை, மருந்தகம் யாவும் நிர்வாகத்தின் கையில் இருந்தன. கூரை ஒழுகினாலும் கால்வாய் அடைத்துக் கொண்டாலும் கிராணியிடம் சொன்னால் போதும்; செய்து கொடுப்பாரோ மாட்டாரோ, சொல்ல வேண்டிய இடம் அது ஒன்றுதான் என்பதில் ஐயம் இருந்ததில்லை.

இன்று நிலைமை வேறு. ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. செம்பனை இருந்த நிலங்கள் பலவற்றில் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்சாலைகளும் எழுந்துள்ளன. பினாங்கு மாநிலத்தின் தெற்கிலுள்ள பத்து காவானை எடுத்துக் கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்காக நம் முன்னோர் வந்திறங்கிய வட்டாரங்களுள் அதுவும் ஒன்று. 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இரண்டாவது பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், அதே மண் தொழிற்பேட்டையும் புதுநகருமாக உருமாறி வருகிறது. லயத்தில் பிறந்தவர் இன்று வரிசை வீட்டிலோ அடுக்குமாடி வீட்டிலோ குடியிருக்கிறார். வீட்டு முன்புறச் சாக்கடை அடைத்துக் கொண்டால் அவர் யாரிடம் போவார்? கிராணி இல்லை. ‘கவுன்சில்’ எங்கே இருக்கிறது என்பது தெரியாது. ஆண்டுக்கு இருமுறை அதற்கு வரி செலுத்துவது மட்டும் தெரியும்.

இக்கேள்விக்கு விடை காண, செபராங் பிறை மாநகர் கழகத்தை உதாரணமாகக் கொள்வது பொருத்தமாகும். வடக்கே மூடா ஆறு தொடங்கித் தெற்கே பேராக் எல்லை வரையில், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப்பகுதி முழுவதும் இக்கழகத்தின் ஆட்சிக்குட்பட்டது. பரப்பளவு 700 சதுர கிலோமீட்டருக்கும் மேல். 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இங்கு வாழ்வோர் 9 இலட்சத்துக்கும் அதிகமானோர். பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் போன்ற பட்டணங்கள் மட்டுமல்லாது, மீனவர் கிராமங்களும் நெல்வயல்களும் செம்பனைத் தோட்டங்களும் இதன் எல்லைக்குள் அடங்கியுள்ளன. 1976-ஆம் ஆண்டு நகராண்மைக் கழகமாக உருப்பெற்ற இவ்வமைப்பு, 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் மாநகர் கழகத் தகுதியை அடைந்தது. தலைமையகம் புக்கிட் மெர்தாஜாமில், பண்டார் பெர்டாவில் உள்ளது.

1976 என்ற ஆண்டு தற்செயலாக அமைந்ததன்று. அதற்கு முன்னர் தீபகற்ப மலேசியாவில் மாநகர் மன்றம், பட்டண மன்றம், பட்டணச் சங்கம், கிராம மன்றம் எனப் பல பெயர்களில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகள் இருந்தன. பலவற்றிடம் பணமும் இல்லை, பணியாளரும் இல்லை. இவற்றை ஆராய 1965-இல் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் நம்மவர்: செனட்டர் டத்தோ ஆதி நாகப்பன். ஆணையம் 1968-இல் அறிக்கை அளித்தது. மக்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களைக் கொண்டே ஊராட்சி அமைய வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. ஆனால், அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது 171-ஆம் சட்டம், உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்க வழி செய்தது. கழகத் தலைவர் அல்லது மேயர் நீங்கலாக, 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர்கள் இருக்கலாம். மக்கள் வாக்களித்து வராதவர்கள் என்பதால் நமக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை என்று எண்ணிவிடக் கூடாது. கழகத்தின் கூட்டங்கள், மூடிய கூட்டமென முடிவு செய்யப்பட்டாலன்றி, பொது மக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தவை என்று அதே சட்டம் கூறுகிறது. அங்குச் சென்று அமர்ந்து பார்த்த தோட்டப்புறத்தார் எத்தனை பேர் இருப்பார்கள்?

வேலிக்கு எந்தப் பக்கம்?

முதலில் தெளிவுபடுத்த வேண்டியது எல்லைக் கோடு. தோட்டத்து நிலம் தனியார் நிலம். அந்நிலத்திலுள்ள தொழிலாளர் வீடுகளைப் பழுது பார்ப்பதும், தண்ணீர் வழங்குவதும், சாக்கடைகளைச் சீராக வைத்திருப்பதும் முதலாளியின் கடமையாகும். 1966-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இதனை வரையறுத்தது. பின்னர் 1990-இல் வந்த 446-ஆம் சட்டம் அதனை விரிவாக்கியது. இக்கடமை தவறினால் முறையிட வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. மாநகர் கழகம் அன்று. லயத்துச் சாக்கடையைப் பற்றிக் கழகத்துக்குக் கடிதம் எழுதி, பதில் இல்லையென்று வருந்துவோர் உண்டு. கடிதம் தவறான மேசைக்குப் போயிருக்கிறது என்பதுதான் காரணம்.

வேலிக்கு வெளியே பொதுச் சாலையோரக் கால்வாய், ஊராட்சிச் சாலைகள், பொதுச் சந்தை, சிறுவர் விளையாட்டுத் திடல், பொது மண்டபம், குப்பை அகற்றல், அங்காடி உரிமம் ஆகியவை கழகத்தின் பொறுப்பு. கூட்டரசுச் சாலைகளும் மாநிலச் சாலைகளும் பொதுப்பணி இலாகாவைச் சார்ந்தவை.

தொல்லை பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடத்தில்தான் எழுகிறது. தோட்டம் விற்கப்பட்டு, முன்னாள் தொழிலாளருக்கென வீடுகள் கட்டித் தரப்படுகின்றன. வீட்டுச் சாவி கைக்கு வந்துவிடுகிறது. ஆனால், அவ்வீட்டு முன்னுள்ள சாலையும் சாக்கடையும் முறைப்படி கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டனவா? ஒப்படைக்கப்படாத வரையில் அவை தனியார் சாலைகளே. அவற்றைப் பராமரிக்கும் கடமை கழகத்துக்கு இராது. வீடு வாங்குவோர் அறைகளின் எண்ணிக்கையையும் ஓடுகளின் நிறத்தையும் கவனிக்கும் அளவுக்கு இதனைக் கவனிப்பதில்லை. கழகத்தின் பொறியியல் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

அடுக்குமாடி வீடுகளில் குடியேறியோருக்கு வேறொரு குழப்பம் உண்டு. "வீட்டு வரி கட்டுகிறோம், மின்தூக்கி ஏன் ஓடவில்லை?" என்று கேட்கின்றனர். வீட்டு வரி வேறு, பராமரிப்புக் கட்டணம் வேறு. மின்தூக்கி, மாடிப்படி விளக்கு, தண்ணீர்த் தொட்டி ஆகியவை அக்கட்டடத்து உரிமையாளர்களின் பொதுச் சொத்து. 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடப்புக்கு வந்த அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி, உரிமையாளர்களின் நிர்வாக அமைப்பே கட்டணம் வசூலித்து அவற்றைப் பராமரிக்க வேண்டும். அவ்வமைப்பு கணக்குக் காட்டாவிட்டால், கழகத்திலுள்ள கட்டட ஆணையரிடம் முறையிடலாம். லயத்தில் இப்படியொரு கட்டணம் இருந்ததில்லையாதலால், இதைச் செலுத்த நம்மவர் தயங்குவது வியப்பன்று. தயங்குவோர் மிகுந்த கட்டடத்தில் மின்தூக்கி முதலில் நிற்கும்; பின்னர் முதியோர் ஐந்தாம் மாடியிலேயே முடங்கிக் கிடப்பர்.

வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது?

நில வரி மாநில அரசின் நில அலுவலகத்துக்குச் செல்வது. மதிப்பீட்டு வரி, அதாவது நாம் ‘வீட்டு வரி’ என்று சொல்வது, மாநகர் கழகத்துக்குச் செல்வது. ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அதுவே ஆண்டு மதிப்பு. மாதம் 500 வெள்ளி வாடகை பெறக்கூடிய வீட்டின் ஆண்டு மதிப்பு 6,000 வெள்ளி. வரி விகிதம் நூற்றுக்கு 5 என்று வைத்துக் கொண்டால், ஆண்டு வரி 300 வெள்ளி, அரையாண்டுக்கு 150. (இது விளக்கத்துக்கான கணக்கே, உண்மை விகிதம் வீட்டின் வகையையும் இடத்தையும் பொறுத்தது.) ஆண்டு மதிப்பில் நூற்றுக்கு 35-க்கு மேல் விதிக்க இயலாது என்பது சட்டம். முதல் அரையாண்டு வரியைப் பிப்ரவரி முடிவதற்குள்ளும், இரண்டாவதை ஆகஸ்டு முடிவதற்குள்ளும் செலுத்த வேண்டும். தவறினால் அபராதமும், தொடர்ந்து தவறினால் வீட்டுப் பொருள்களைக் கைப்பற்றும் வாரண்டும் வரலாம்.

மதிப்பு கூடுதலாகத் தோன்றினால் ஆட்சேபிக்கும் உரிமை உண்டு. புதிய மதிப்பீட்டுப் பட்டியல் வெளியாகும்போது வீட்டுக்கு அறிவிப்பு வரும். மறு ஆய்வுக்குக் குறிக்கப்பட்ட நாளுக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்னர் எழுத்து மூலம் ஆட்சேபிக்க வேண்டும். அறிவிப்பு மலாய் மொழியில் இருக்கிறது என்று அலமாரியில் போட்டு வைத்தால், நாள் கடந்துவிடும். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் உடனே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

குப்பையும் பைராம் தோட்டமும்

இவ்வரிப் பணத்தில் கணிசமான பகுதி குப்பைக்கே செலவாகிறது. திடக்கழிவு நிர்வாகத்துக்கான 2007-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டத்தைப் பினாங்கு மாநிலம் ஏற்கவில்லை. எனவே, செபராங் பிறையில் குப்பை அகற்றும் பொறுப்பு மாநகர் கழகத்திடமே உள்ளது. குப்பை சேரும் இடம் நிபோங் திபாலுக்கு அருகிலுள்ள புலாவ் பூரோங். தீவிலிருந்தும் அங்கேதான் வருகிறது.

2022-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அந்தக் குப்பைத் தளத்தில் தீப்பற்றியது. சாதாரணத் தீயாயின் ஒரு நாளில் அணைந்திருக்கும். இது பல நாட்கள் நீடித்தது. ஏன்? சோறு, காய்கறி, மீன் கழிவு ஆகியவை காற்றுப் புகாத குவியலின் அடியில் அழுகும்போது மீத்தேன் என்னும் எரிவாயு உண்டாகிறது. பிளாஸ்டிக்கும் துணியும் காகிதமும் அதற்கு விறகாகின்றன. மேலே தண்ணீர் பாய்ச்சினாலும் அடியில் கனல் நிற்கிறது. அப்புகையை முதலில் சுவாசித்தவர்கள் யாரென்றால், அருகிலுள்ள பைராம் தோட்டத்து வட்டார மக்கள். அவர்களுள் சிலர் தற்காலிகமாக வேறிடம் மாற்றப்பட வேண்டியதாயிற்று. பட்டணத்து அடுக்களையில் எறியப்பட்டது தோட்டத்துப் பிள்ளையின் நெஞ்சில் புகையாய் இறங்கியது. குப்பை பட்டணத்தார் விவகாரம் என்று இனி யார் சொல்ல முடியும்?

மாநில அரசு 2016-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தொடங்கி, வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைப்பதைக் கட்டாயமாக்கியது. காகிதம், கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் ஒரு பக்கம், மற்றவை மறுபக்கம். மலேசிய வீடுகளின் குப்பையில் ஏறக்குறைய பாதி உணவுக் கழிவு. அதைப் பட்டணத்து அடுக்குமாடியில் புதைக்க இடமில்லை. நமக்கோ வீட்டுப் பின்புறம் வாழையும் முருங்கையும் உண்டு. குழி வெட்டி, உணவுக் கழிவு ஓர் அடுக்கு, காய்ந்த இலை ஓர் அடுக்கு என்று போட்டு, மண்ணால் மூடி, ஈரம் காயாமல் வைத்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் சில மாதங்களில் நல்ல எரு கிடைக்கும். மீன் கழிவை ஆழமாகப் புதைக்காவிட்டால் நாய் தோண்டிவிடும். ஆனால், லயத்துப் பின்புறம் குப்பையை எரிக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட வேண்டும். திறந்தவெளியில் எரிப்பது சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம்.

உணவு விற்பனையைப் பற்றியும் ஒரு சொல். தோசை, வடை, முறுக்கு என்று சாலையோரத்தில் விற்றுக் குடும்பத்தை நடத்தும் தாய்மார் பலர். கழகத்தின் உரிமம் இருந்தால், அதிகாரிகள் வரும்போது பாத்திரத்தைத் தூக்கிக் கொண்டு ஓட வேண்டியதில்லை. உரிமம் கேட்கச் செல்லுமுன் உணவு கையாளுவோர் பயிற்சியையும் டைபாய்டு தடுப்பூசியையும் முடித்துக் கொள்வது நல்லது.

இக்கழகம் செய்த பணிகளுள் தோட்டப்புற மக்கள் கூர்ந்து கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. 2012-ஆம் ஆண்டில் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகத்துடன் இணைந்து, செபராங் ஜெயாவிலுள்ள அம்பாங்கான் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் ஒரு முயற்சி தொடங்கப்பட்டது. வரவு செலவுத் திட்டத்தை அதிகாரிகள் மட்டும் மேசையில் அமர்ந்து போடாமல், குடியிருப்பாளரைக் கேட்டுப் போடுவது என்பதே அது. அப்போது நகராண்மைக் கழகத் தலைவராக இருந்தவர் மைமூனா முகமட் ஷரிப். பின்னர் ஐக்கிய நாட்டுச் சபையின் மனிதக் குடியிருப்புத் திட்டத்துக்கு நிர்வாக இயக்குநராகச் சென்றவர். ஆண், பெண், இளைஞர், முதியோர், உடற்குறையுடையோர், சிறுவர் எனத் தனித்தனிக் குழுக்களாக மக்கள் அமர்த்தப்பட்டனர். முதலில் குறைகளைச் சொன்னார்கள். பின்னர், ஒவ்வொருவர் கையிலும் விளையாட்டுப் பணம் கொடுக்கப்பட்டது. எந்தத் தேவைக்கு எவ்வளவு என்று அவர்களே பங்கிட்டு வாக்களித்தனர். கழகம் அதனைக் கணக்கில் கொண்டு பணத்தை ஒதுக்கியது. துப்புரவுப் பணியில் குடியிருப்பாளர்களையே ஈடுபடுத்தும் ஏற்பாடும் அங்கு வந்தது.

குழுக்களைத் தனித்தனியே அமர்த்தியதில்தான் இம்முறையின் சிறப்பு இருக்கிறது. எல்லாரையும் ஒரே மண்டபத்தில் கூட்டினால் என்ன நடக்கும்? முன்வரிசை ஆடவர் நால்வர் பேசுவர். பந்துத் திடல் வேண்டும் என்று முடிவாகும். மாடிப்படியில் விளக்கில்லாமல் இரவு வேலை முடிந்து அஞ்சி ஏறும் பெண், பின்வரிசையில் வாய் திறவாமல் எழுந்து போவாள். வகுப்பறையில் பாடம் நடத்திய அனுபவமுள்ள எவருக்கும் இது புதிதன்று: கை தூக்காத மாணவனுக்குத்தான் பெரும்பாலும் உண்மையான கேள்வி இருக்கும். நம் தோட்டத்து ஆலயக் குழுவோ, பெற்றோர் ஆசிரியர் சங்கமோ கழகத்துக்கு மனு எழுதும்போது இம்முறையைப் பின்பற்றத் தடையேதும் இல்லை. விளையாட்டுப் பணத்துக்குச் செலவு ஏது?

மனுவோ முறையீடோ எதுவாயினும், இடத்தைத் துல்லியமாகக் குறிப்பிட வேண்டும். "எங்கள் ஊர்ச் சாலை மோசம்" என்றால் பயனில்லை. சாலையின் பெயர், அருகிலுள்ள வீட்டு எண் அல்லது விளக்குக் கம்ப எண், எந்நாளிலிருந்து இக்குறை, யாருக்கு என்ன பாதிப்பு என்று நான்கு வரி எழுதி, முடிந்தால் படம் ஒன்றும் இணைத்தால் போதும். முறையீட்டுக்குக் கொடுக்கப்படும் பதிவு எண்ணைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால், புதிதாக எழுதாமல், அதே எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டி, உங்கள் வட்டாரத்துக் கழக உறுப்பினருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அவர் யார் என்பதைக் கழகத்தின் தலைமையகத்தில் கேட்டறியலாம்.