பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவான் என்றால் யார் தொழில் சொல்லித்தருவார்கள்?

கோவையில் சின்னதாக லேத் பட்டறையோ பவுண்டரியோ நடத்துகிற யாரிடம் பேசினாலும் இரண்டு புகார்கள் கட்டாயம் வரும். ஒன்று, "வேலை தெரிஞ்ச ஆள் கிடைக்கறதே இல்லைங்க." இரண்டாவது, "கத்துக் கொடுத்தா அடுத்த வருஷமே போயிடறாங்க." இரண்டையும் தனித்தனிப் புகார்களாகத்தான் சொல்வார்கள். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டாவதுதான் முதலாவதற்குக் காரணம் என்பது புரியும். கற்றுக்கொடுத்தவன் போய்விடுவான் என்ற பயத்தில் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. யாரும் கற்றுக்கொடுக்காததால் ஊரிலேயே ஆள் இல்லை.

இந்த முடிச்சை ஒரு தனி முதலாளியால் அவிழ்க்க முடியாது, ஒரு உற்பத்தியாளர் சங்கத்தால் ஓரளவுக்கு முடியும் என்பதுதான் இந்தக் குறிப்பின் சாரம். நான் மென்பொருள் ஆள், பட்டறைக்காரன் இல்லை. கோவையின் தொழில் வரலாற்றைப் பொழுதுபோக்காகப் படிக்கப்போய் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டேன்.

ஒரு சின்னக் கணக்கு

பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிற ஒரு பட்டறை. ஒரு பையனைச் சேர்த்து சிஎன்சி மெஷின் ஓட்டக் கற்றுத் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். (எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.) முதல் ஆறு மாதம் உதவித்தொகை மாதம் 10,000 ரூபாய். கெட்டுப்போகிற பீஸ், உடைகிற இன்சர்ட், தன் வேலையை விட்டுவிட்டுச் சொல்லித் தருகிற சீனியரின் நேரம் எல்லாம் சேர்த்து மாதம் இன்னொரு 8,000. ஆறு மாதத்துக்கு 1,08,000 ரூபாய். அந்தக் காலத்தில் பையன் உருப்படியாகச் செய்து கொடுத்த வேலைக்கு 28,000 என்று கழித்துக்கொண்டாலும், முதலாளி கையைவிட்டுப் போனது 80,000.

ஏழாவது மாதம் பையனுக்கு ஆஃப்செட் போடத் தெரியும், டிராயிங் படிக்கத் தெரியும், மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியும். இப்போது இரண்டு தெரு தள்ளி இருக்கிற இன்னொரு பட்டறை, "மாசம் 3,000 சேர்த்துத் தர்றேன், வந்துடு" என்கிறது. அந்த 3,000-ஐ 26 மாதம் தொடர்ந்து கொடுத்தாலும் 78,000தான் ஆகிறது. அதாவது, கற்றுக்கொடுத்தவர் ஆறு மாதத்தில் செலவு செய்ததை, கூட்டிக்கொண்டு போனவர் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியும் செலவு செய்திருக்க மாட்டார். அப்படியென்றால் புத்திசாலி முதலாளி யார்? கற்றுக்கொடுக்காதவர்தான். எல்லோரும் புத்திசாலியாகிவிட்டால் ஊர் காலி.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பழைய பாகுபாடு உண்டு. கேரி பெக்கர் 1964-ல் வெளியான தன் புத்தகத்தில், பயிற்சியைப் பொதுவானது, நிறுவனத்துக்கே உரியது என்று இரண்டாகப் பிரிக்கிறார். ஒரு கம்பெனியின் உள் மென்பொருளை இயக்கத் தெரிவது அந்தக் கம்பெனிக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும். லேத் ஓட்டத் தெரிவது எங்கே போனாலும் செல்லும். எங்கும் செல்லுபடியாகும் திறமைக்கு முதலாளி செலவு செய்ய மாட்டார்; கற்றுக்கொள்கிறவனே குறைந்த சம்பளத்தை ஏற்றுக்கொண்டு அந்தச் செலவைச் சுமக்க வேண்டியிருக்கும் என்பது அவர் வாதம். வீட்டில் கடன் இருக்கிற பையனால் எத்தனை மாதம் அப்படிச் சுமக்க முடியும்?

என் துறையிலும் இதே சிக்கல் உண்டு. பெரிய ஐடி நிறுவனங்கள் கல்லூரியிலிருந்து மொத்தமாக ஆள் எடுத்து, சில மாதம் உட்கார வைத்துச் சொல்லித் தருகின்றன. பாதிப் பேர் போனாலும் தாங்குகிற அளவுக்கு அவர்களுக்கு எண்ணிக்கை இருக்கிறது. சின்ன நிறுவனங்கள் பாண்ட் எழுதி வாங்குகின்றன. சில இடங்களில் ஒரிஜினல் சர்டிபிகேட்டையே வாங்கிப் பீரோவில் வைத்துக்கொள்கிறார்கள். அது ஆளைக் கட்டிப்போடுகிற வழி. பயிற்சிப் பிரச்சினைக்குத் தீர்வு இல்லை.

சங்கம் என்ன செய்ய முடியும்?

அதே கணக்கை நாற்பது பட்டறைகளுக்குச் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். நாற்பது பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பொதுப் பயிற்சி மையம் நடத்துகிறார்கள். பையன் ஒரு பட்டறையை விட்டு இன்னொன்றுக்குப் போகிறான். போகட்டுமே! அவன் அந்த நாற்பதுக்குள்தான் சுற்றிக்கொண்டிருக்கிறான். தனி முதலாளிக்கு நஷ்டமாகத் தெரிவது, கூட்டமாகப் பார்த்தால் நஷ்டமே இல்லை.

கோவைக்கு இந்த யோசனை புதிதல்ல. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்தபிறகு மில்கள் பெருகின. கிணற்றுக்கு மோட்டார் பம்பு தேவைப்பட்டது. இரண்டுக்கும் உதிரிபாகம் செய்ய பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் முளைத்தன. இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுவது, ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் செய்தது.

தொழில் வளர்ந்த கையோடு சங்கங்களும் வந்தன. மில்காரர்களுக்கு 1933-ல் சைமா. பம்பு, மோட்டார் போன்ற பொறியியல் தயாரிப்பாளர்களுக்கு 1952-ல் சீமா. சிறுதொழில்களுக்கு 1969-ல் கொடிசியா. பேப்பரில் இவற்றின் பெயர் வருவது பெரும்பாலும் மின்வெட்டு, ஜாப் ஆர்டருக்கான ஜிஎஸ்டி, மின்சாரத்துக்கான நிலைக்கட்டணம் என்று கோரிக்கை வைக்கும்போதுதான். அதனால் சங்கம் என்றாலே மனு கொடுக்கிற அமைப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். மனு கொடுப்பதை விடச் சத்தமில்லாத இன்னொரு வேலையும் அவை செய்திருக்கின்றன.

சிட்ரா ஒரு நல்ல உதாரணம். மில்கள் ஒன்றுகூடி, மத்திய அரசின் உதவியோடு 1956-ல் தொடங்கிய ஜவுளி ஆராய்ச்சி நிலையம் அது. பஞ்சின் தரம் பார்ப்பது, நூலின் வலிமை சோதிப்பது, தொழிலாளிக்குப் பயிற்சி கொடுப்பது எல்லாம் அங்கே நடக்கிறது. பொறியியல் பக்கத்தில், சீமா முன்னின்று உருவாக்கியது சிட்டார்க் என்ற சோதனைக்கூடம். பம்பு எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, அதற்கு எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று அளப்பது, உலோகத்தைச் சோதிப்பது, அளவுக்கருவிகளைச் சரிபார்த்துத் தருவது அதன் வேலை.

சோதனைக்கூடத்துக்கும் பயிற்சிக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் ஒரே வகைப் பண்டம். வார்ப்பில் கார்பன் எவ்வளவு, சிலிக்கான் எவ்வளவு என்று ஒன்றிரண்டு நிமிடத்தில் சொல்கிற ஸ்பெக்ட்ரோமீட்டரின் விலை பல லட்சம். மாதத்துக்கு நாலு தடவை தேவைப்படுகிற ஒரு சின்ன பவுண்டரி அதை வாங்கினால் கட்டுப்படியாகாது. நூறு பவுண்டரி சேர்ந்து ஒன்று வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும். நல்ல பயிற்சி மையமும் அப்படித்தான்.

நாற்பத்தோராவது ஆள்

ஒரு இடைஞ்சல் இருக்கிறது. நாற்பது பட்டறை காசு போட்டு மையம் நடத்தும்போது, காசு போடாத நாற்பத்தோராவது பட்டறை தயாரான ஆளை மட்டும் தூக்கிக்கொண்டு போகும். அதைப் பார்த்து நாற்பதாவது ஆளும் சந்தாவை நிறுத்துவார். மன்சர் ஓல்சன் 1965-ல் எழுதிய புத்தகத்தின் மையமே இதுதான்: பொதுநன்மை எல்லோருக்கும் கிடைக்கும் என்றால், அதற்குச் செலவு செய்ய யாரும் முன்வர மாட்டார்கள். ஆகவே நீடிக்கிற சங்கங்கள், உறுப்பினருக்கு மட்டும் கிடைக்கிற ஏதோ ஒரு சலுகையையும் கையில் வைத்திருக்கும்.

லைசென்ஸ் காலத்தில் அந்தச் சலுகை தானாகவே அமைந்தது. இரும்பும் எஃகும் கட்டுப்பாட்டில் இருந்தன. ஒதுக்கீடு கேட்டு அரசிடம் பேச ஒரு குரல் தேவைப்பட்டது. 1992-ல் இரும்பு, எஃகு விநியோகக் கட்டுப்பாடு விலகியது. அதற்குப் பிறகு சங்கத்தில் இருப்பதற்கு வேறு காரணம் வேண்டும். கண்காட்சியில் ஸ்டால், சோதனைக்கூடத்தில் கட்டணச் சலுகை, வங்கியிடம் பேச ஆள். இவற்றால் உறுப்பினர்கள் தங்கினால்தான் பயிற்சி மாதிரியான பொதுவேலைக்குக் காசு மிஞ்சும்.

ஜெர்மனி இதை வேறு மாதிரி தீர்த்தது. அங்கே தொழில் வணிகச் சபையில் உறுப்பினராவது 1956-ம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். நாற்பத்தோராவது ஆள் என்றே ஒருவர் கிடையாது. மாணவர் வாரத்தில் சில நாள் தொழிற்சாலையில், சில நாள் தொழிற்பள்ளியில் கற்கிறார். பெரும்பாலான தொழில்களுக்கு மூன்று, மூன்றரை வருஷம். எல்லா வேலையையும் சொல்லித்தர முடியாத சின்னப் பட்டறைகளுக்காகப் பொதுப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. முக்கியமாக, தேர்வை நடத்துவது முதலாளி இல்லை, சபை. அந்தத் தேர்வுக் குழுவில் முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். தொழிற்பள்ளி ஆசிரியர் ஒருவராவது இருக்க வேண்டும்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1961-லேயே தொழில் பழகுநர் சட்டம் வந்துவிட்டது. 2019-ல் திருத்திய விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ இருக்கிற நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். 4 முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பப்பட்டால் சேர்க்கலாம். நம் பன்னிரண்டு பேர் பட்டறை இந்த "விருப்பப்பட்டால்" பகுதியில் விழுகிறது. ஆனால் அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு இடம் உண்டு: பல முதலாளிகள் ஒன்றுசேர்ந்து, நேரடியாகவோ ஒரு முகமை வழியாகவோ, பழகுநர் பயிற்சி கொடுக்கலாம். ஒரு பட்டறையில் டர்னிங், இன்னொன்றில் மில்லிங், மூன்றாவதில் தரச்சோதனை என்று பையன் சுற்றிவர இது வழிவிடுகிறது. ஒரு தொழில் சங்கத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது.

பயிற்சி என்ற பெயரில்

சங்கங்களைப் புகழ்ந்து முடித்துவிட முடியாது. அவை முதலாளிகளின் சங்கங்கள். ஆள் வேண்டும் என்பதோடு, மலிவாக வேண்டும் என்பதும் அவர்கள் ஆசை. "பயிற்சி" என்ற சொல்லை நம் வட்டாரத்திலேயே எப்படி வளைத்தார்கள் என்பதற்கு, மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் "சுமங்கலி" என்று பேர் வாங்கிய திட்டம் சாட்சி. கிராமத்துப் பெண்களைப் பழகுநர் என்று சேர்த்து, ஹாஸ்டலில் வைத்து, சுமார் மூன்று வருஷம் முடிந்தால் மொத்தமாக ஒரு தொகை என்று சொன்னார்கள். நடுவில் கிளம்பினால் அந்தத் தொகை கையில் வராமல் போகும். மெஷின் ஓட்டக் கற்றுக்கொள்ள மூன்று வருஷம் எதற்கு?

இதிலிருந்து எனக்கு ஒரு எளிய உரைகல் கிடைத்தது. பயிற்சி முடித்தவர், வேறு முதலாளியும் மதிக்கிற ஒரு சான்றிதழோடு, யாரிடமும் கெஞ்சாமல் வெளியே போக முடியுமா? முடியும் என்றால் அது பயிற்சி. முடியாது என்றால் அது குறைந்த கூலி வேலை, பெயர்ப்பலகைதான் வேறு.

விநோதம் என்னவென்றால், தனி முதலாளி எதற்குப் பயப்படுகிறாரோ, அதுவேதான் நல்ல பயிற்சிக்கு அடையாளம். ஆள் விட்டுப் போக முடிவது. அந்தப் பயத்தை நாற்பது பேர் பங்குபோட்டுக்கொண்டால்தான் ஒருவராவது துணிந்து கற்றுக்கொடுப்பார். அந்தப் பங்குபோடும் ஏற்பாட்டுக்குத்தான் சங்கம்.

ஆகவே உங்கள் ஊர்ச் சங்கம் "எதிர்காலத் தொழிலாளர்களை உருவாக்குகிறோம்" என்று விழா வைத்தால், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். செலவை யார் யார் பகிர்ந்துகொண்டார்கள், தேர்வு வைத்தது யார், சான்றிதழ் யார் கையில் இருக்கிறது என்றும் கேளுங்கள். ஐடிஐ முடித்த தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால், சேருவதற்கு முன்னால் கடைசிக் கேள்வியை மட்டுமாவது கேட்டுவிடச் சொல்லுங்கள்.