திமிங்கலம் காணக் கடற்பயணம்: எந்தக் கப்பல், எந்த மாதம்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிள்ளைகள் வாழும் குடும்பங்கள் இன்று நம் பங்குகள் தோறும் உண்டு. கோடையில் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோரை, 'அலாஸ்காவுக்கு ஒரு கப்பற்பயணம் போய் வருவோமே' எனப் பிள்ளைகள் அழைப்பதும் உண்டு. பனிமலைகளைக் காட்டிலும் பலருடைய ஆவலைத் தூண்டுவது திமிங்கலமே. ஆயினும் ஏழு நாட்கள் கடலில் கழித்துவிட்டு, தொலைவில் எழுந்த ஒரு நீராவிப் புகையை மட்டும் கண்டு திரும்பியோரும் இருக்கின்றனர். பயணத்துக்காகும் பணமோ எளிதில் ஈட்டியதன்று. ஆகவே கப்பலின் உணவுக்கூடத்தையும் நீச்சற்குளத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முன்னர், திமிங்கலத்தின் வாழ்க்கையைச் சற்று அறிந்துகொள்வது நலம்.

பசி காட்டும் வழி

தென்கிழக்கு அலாஸ்காவில் மிகுதியாகக் காணப்படுவது கூன்முதுகுத் திமிங்கலம். 12 முதல் 16 மீட்டர் வரை நீளமும், 30 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. குளிர்காலத்தில் இவற்றுட் பெரும்பாலானவை ஹவாய்த் தீவுகளின் வெதுவெதுப்பான நீரில் கூடுகின்றன. குட்டிகள் பிறப்பதும் அங்கேயே. ஆனால் அந்நீரில் அவற்றுக்கு ஏற்ற உணவில்லை. எனவே மாதக்கணக்கில் ஏறக்குறைய உண்ணா நோன்பிலேயே அவை காலங்கழிக்கின்றன. குட்டிக்குப் பாலூட்டும் தாயும் தன் உடற்கொழுப்பைக் கரைத்தே ஊட்டுகிறது.

வசந்தம் பிறந்ததும் ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர் நீந்தி அவை அலாஸ்காவுக்கு வருகின்றன. அங்கே நெடும்பகலின் ஒளியில் நுண்ணுயிர்கள் பெருகும். அவற்றை உண்டு கிரில் என்னும் சின்னஞ்சிறு இறாலினமும் ஹெர்ரிங் மீன்களும் பெருகும். ஆண்டு முழுவதற்கும் வேண்டிய கொழுப்பைக் கோடை மாதங்களில் தேடிக்கொள்ள வேண்டிய கட்டாயம் திமிங்கலத்துக்கு உண்டு. ஆகவே உணவு திரளும் இடத்தை விட்டு அது எளிதில் அகலாது. கப்பல் தேர்வோருக்கு இதுவே முதற்பாடம்: திமிங்கலம் உண்ணும் இடத்துக்கு, அது உண்ணும் காலத்தில், நிதானமாகச் செல்லும் கப்பலே நல்ல கப்பல்.

எந்த மாதம்?

அலாஸ்காவில் பயணக்கப்பல்கள் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை ஓடுகின்றன. ஜூன், ஜூலை, ஆகஸ்டு ஆகிய மூன்று மாதங்களிலும் திமிங்கலங்கள் நிறைந்திருக்கும். மே மாதத்தில் வானம் சற்றுத் தெளிவாக இருக்கும். எனினும் எல்லாத் திமிங்கலங்களும் வந்து சேர்ந்திரா. ஆகஸ்டுக்குப் பின் மழை மிகும். ஜூன் மாதத்திலோ ஜூனோ நகரில் பகல் ஏறத்தாழ 18 மணி நேரம் நீடிக்கும். இரவு உணவை முடித்துக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தாலும் கடலைப் பார்க்க ஒளி இருக்கும். கோடைதானே என எண்ணிக் கம்பளிச் சட்டையையும் மழைச்சட்டையையும் வீட்டில் விட்டுச் செல்லலாகாது. அது மழைக்காடுகள் சூழ்ந்த குளிர்நாடு.

எந்த வழி?

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து புறப்படும் கப்பல்களுட் பல, வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடலில் செல்கின்றன. கனடாவின் வான்கூவர் நகரிலிருந்து புறப்படுபவை பெரும்பாலும் தீவுகளுக்கு இடைப்பட்ட அமைதியான நீர்வழியில் செல்கின்றன. முதியோர்க்கும் கடற்காய்ச்சலுக்கு அஞ்சுவோர்க்கும் இரண்டாவது வழி ஏற்றது. இருபுறமும் கரை தெரிவதால் கண்ணுக்கு விருந்தும் மிகுதி.

அடுத்து, கப்பல் எங்கெங்கே நிற்கிறது என்பதைப் பட்டியலில் பாருங்கள். மூன்று பெயர்களைத் தேடுங்கள். முதலாவது ஜூனோ. நகரத்துறையில் இறங்கிப் பேருந்தில் சற்று நேரம் சென்றால் ஆக் விரிகுடா வரும். அங்கிருந்து திமிங்கலம் காட்டும் சிறு படகுகள் புறப்படுகின்றன. இரண்டாவது, ஹூனா என்னும் டிலிங்கிட் பழங்குடியினரின் ஊரை அடுத்துள்ள ஐசி ஸ்ட்ரெய்ட் பாயிண்ட். அதற்கு அருகிலுள்ள அடால்பஸ் முனையில் நீரோட்டங்கள் மோதி இரையைத் திரட்டித் தருவதால், அவ்விடம் திமிங்கலங்களின் பந்திக்கூடமாக விளங்குகிறது. மூன்றாவது பனியாறுகள் கடலில் கலக்கும் கிளேசியர் விரிகுடாத் தேசியப் பூங்கா. பெரிய பயணக்கப்பல்களுள் நாளொன்றுக்கு இரண்டுக்கு மேல் அதனுள் நுழைய அனுமதியில்லை. பூங்கா அலுவலர்களே கப்பலில் ஏறி விளக்கம் தருவர்.

இந்நாட்டிலிருந்து செல்வோர் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். சியாட்டிலில் புறப்பட்டு அங்கேயே திரும்பும் வெளிநாட்டுக் கொடியுடைய கப்பல்களும், 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தின் காரணமாகக் கனடாவின் ஒரு துறைமுகத்தைத் தொட்டே திரும்புகின்றன. எனவே கனடா விசா தேவையா, அமெரிக்க விசா மீண்டும் நுழைய இடந்தருமா என்பவற்றை முன்பணம் கட்டுவதற்கு முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

பெரிய கப்பலா, சிறிய படகா?

பெரிய கப்பலின் மேல்தளம் பல மாடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நெடுந்தொலைவு காணலாம். ஆனால் திமிங்கலம் தீக்குச்சி அளவே தெரியும். மேலும் குறித்த நேரத்தில் அடுத்த துறையை அடைய வேண்டிய கப்பல், ஒரு திமிங்கலத்துக்காக நிற்பதில்லை. சில பத்துப் பேரை மட்டும் ஏற்றிச் செல்லும் சிறு கப்பல்கள் நின்று பார்க்கும், கட்டணமோ பன்மடங்கு.

நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற இடைவழி ஒன்றுண்டு. பெரிய கப்பலிலேயே எளிய அறையை எடுத்துக்கொண்டு, மிச்சப்படும் தொகையில் ஜூனோவிலோ ஐசி ஸ்ட்ரெய்ட் பாயிண்டிலோ ஒரு சிறு படகுப் பயணத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம். விலையுயர்ந்த பலகணி அறையின் ஒருபுறக் காட்சியைவிட, எல்லாருக்கும் பொதுவான திறந்த தளத்தின் நாற்புறக் காட்சியே மேலானது. எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பைனாகுலர் ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். முதலில் மூச்சுப் புகையைத் தேடுங்கள். முதுகு வளைந்து வால் மேலெழுந்தால், அது ஆழத்தில் மூழ்குகிறது என்று பொருள். சில நிமிடங்கள் பொறுத்திருந்தால் மீண்டும் எழும். நற்பேறு இருப்பின், பல திமிங்கலங்கள் ஒன்றுகூடிக் குமிழிகளால் வளையமிட்டு மீன்களை மடக்கி, வாய் பிளந்து ஒருங்கே மேலெழும் அரிய காட்சியையும் காணலாம்.

ஸ்னோவின் கதை

காணும் ஆவல் ஓர் எல்லையைத் தாண்டினால் காணப்படும் உயிருக்கே கேடாகும். ஒவ்வொரு கூன்முதுகுத் திமிங்கலத்துக்கும் வாலின் அடிப்புறத்தில் தனித்த வெள்ளைக் குறிகள் உண்டு. அக்குறிகளைக் கொண்டு 1975 முதல் அறியப்பட்டிருந்த பெண் திமிங்கலம் ஒன்றுக்கு 'ஸ்னோ' என்று பெயர். 2001ஆம் ஆண்டு ஜூலையில் அது கிளேசியர் விரிகுடாவின் முகப்பில் இறந்து மிதந்தது. ஒரு பயணக்கப்பல் மோதி அதன் மண்டையோடு நொறுங்கியிருந்தது. அதன் வயிற்றில் குட்டி இருந்தது. அருகில் திமிங்கலங்கள் இருந்தும் வேகத்தைக் குறைக்கத் தவறியதைக் கப்பல் நிறுவனம் 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஸ்னோவின் எலும்புக்கூடு 2014 முதல் அப்பூங்காவில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

வேட்டையால் ஓரிரு ஆயிரமாகக் குறைந்துபோன வட பசிபிக் கூன்முதுகுத் திமிங்கலங்கள், 1966இல் அவ்வேட்டை தடை செய்யப்பட்ட பின்னரே மெல்லப் பெருகின. 2012இல் 33,000ஐத் தாண்டியிருந்த அவற்றின் தொகை, கடல்நீர் அளவுக்கு மீறி வெப்பமுற்று இரை குன்றியதால் 2021இல் 26,000 அளவுக்கு இறங்கியது என ஆய்வாளர் கணித்துள்ளனர். பசியோடு வந்த விருந்தினரை உண்ணும் வேளையில் விரட்டுவது எந்த வீட்டிலும் முறையன்று.

அலாஸ்கா நீரில் கூன்முதுகுத் திமிங்கலத்துக்கு 91 மீட்டருக்குள் படகு நெருங்கலாகாது என்பது 2001 முதல் சட்டம். அதன் வழியில் குறுக்கே நிறுத்திக் காத்திருப்பதும் குற்றமே. கிளேசியர் விரிகுடாவில் திமிங்கலங்கள் திரளும்போது, மணிக்கு 13 கடல்மைலுக்கு மேல் ஓட்டலாகாது எனப் பூங்கா நிர்வாகம் ஆணையிடும்.

ஆகவே பயண முகவரிடம் கட்டணத்தோடு இவற்றையும் கேளுங்கள். கப்பல் கிளேசியர் விரிகுடாவுக்குள் செல்கிறதா? ஜூனோவில் எத்தனை மணி நேரம், பகலிலா இரவிலா நிற்கிறது? உயிரியல் அறிந்த வழிகாட்டி உடன் வருகிறாரா? படகோட்டிகள் விலகி நிற்கும் விதியைக் கைக்கொள்பவர்களா? 'நூற்றுக்கு நூறு திமிங்கலத்தைக் கையருகே காட்டுவோம்' என ஒருவர் வாக்களித்தால் அவரிடம் எச்சரிக்கையாயிருங்கள். 'தொலைவில் நிறுத்துவோம், பொறுமை வேண்டும்' என்று சொல்பவரை நம்பிச் செல்லலாம். அவர் காட்டும் திமிங்கலம் அடுத்த கோடையிலும் அங்கே வந்து உண்ணும். நம் பேரப்பிள்ளைகளும் அதைக் காண்பர்.