எழுதப்படாத கணக்கு

தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் 'சபர்' என்றொரு சொல் உண்டு. அரபியில் அது எந்தப் பயணத்தையும் குறிக்கும். நம் கடற்கரை ஊர்களிலோ, பொருளீட்டுவதற்காகக் கடல் கடந்து போவதையே அது சிறப்பாகக் குறித்தது. அவ்வாறு போனவர் 'சபுராளி' எனப்பட்டார். மலாயாவும் பர்மாவும் இலங்கையும் அவர்களுடைய திசைகள்.

கடலே இல்லாத பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களும் இன்று சபர் நிலங்களாகிவிட்டன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,65,223 பேருடன் தமிழகத்தின் மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்ட மாவட்டமாக இருந்தது பெரம்பலூர். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவற்றை நம்பி, மழையை எதிர்பார்த்திருக்கும் மானாவாரி மண் அது. அரியலூரில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும் முந்திரித் தோப்புகளும் உண்டு. எனினும் எல்லாக் கைகளுக்கும் அவை வேலை தருவதில்லை. 1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகள் கதவைத் திறந்தபோது, மழைக்குக் காத்திருந்தவர்கள் விசாவுக்குக் காத்திருக்கத் தொடங்கினர். வெள்ளாற்றங்கரையிலுள்ள லெப்பைக்குடிகாட்டிலும் வி.களத்தூரிலும் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தின் சுவடு இல்லாத தெருவைக் காண்பது அரிது.

இப்பயணத்தின் நன்மைகளை மறுப்பது நன்றியின்மை. கூரை வீடுகள் மாடி வீடுகளாயின. அடகிலிருந்த நிலங்கள் மீண்டன. பெண்மக்கள் கல்லூரி வாயிலை மிதித்தனர். பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் எழுந்தன. ஆயினும் இருபது ஆண்டுகள் உழைத்துவிட்டு, இனி இங்கே எதைச் செய்து பிழைப்பது என்று கேட்டபடி திரும்புகிறவர்களும் நம்மிடையே உள்ளனர். இதனை 'நஸீபு' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது சரிதானா?

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால், தொழுகை, நோன்பு என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ளவும், அதற்குச் சாட்சி வைக்கவும், தொகை சிறிதாயினும் எழுதச் சலிக்காதிருக்கவும் அது பணிக்கிறது. அடுத்த வசனம் பயணத்தில் இருப்பவரைப் பற்றியே பேசுகிறது. எழுதுபவர் கிடைக்காவிடில் ஈடு பெற்றுக்கொள்ள வழி சொல்கிறது. நம் சபரின் இழப்புகளில் பெரும்பகுதி விதியால் வந்ததன்று. இந்தக் கட்டளையை மறந்ததால் வந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

புறப்பாட்டுக் கடன்

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒருவர் விசாவுக்காக 1,50,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியில் வாங்கிச் செல்கிறார். அவர் மாதந்தோறும் 15,000 ரூபாய் அனுப்புகிறார்; 7,000 வீட்டுச் செலவுக்குப் போக 8,000 கடனுக்குப் போகிறது. முதல் மாதத்தில் அதில் 3,000 வட்டிக்கே சரியாகிவிடும். இப்படியே அடைத்தால் கடன் தீர ஏறத்தாழ 24 மாதங்களாகும். வளைகுடா வேலை ஒப்பந்தங்கள் பலவும் இரண்டு ஆண்டுகளுக்கானவை. முதல் ஒப்பந்தம் முழுவதும் கடன்காரருக்காக உழைத்ததாகவே முடிகிறது. வட்டியை ஹராம் என்று நம்பும் ஒரு சமூகத்தின் ஹலாலான உழைப்புப் பயணம் வட்டியில் தொடங்குவது எவ்வளவு பெரிய முரண்!

இவ்வளவு பணம் தேவைதானா? 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, மைய அரசிடம் பதிவுச் சான்று பெறாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க முடியாது. பதிவு பெற்ற முகவர் பெறக்கூடிய சேவைக் கட்டணத்திற்கு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என 2017இல் வரம்பு கட்டப்பட்டது. பிற செலவுகளும் சேர்ந்து 40,000 ரூபாய் என்று கொண்டால், மேற்கண்ட கடன் ஆறு மாதத்திற்குள் தீர்ந்துவிடும். நம்மவர் பணம் கொடுப்பதோ பெரும்பாலும் ஊருக்குத் தெரிந்த ஓர் இடைத்தரகரிடம், ரசீதும் இல்லை. 'தெரிந்தவர், நம் ஊர்க்காரர்' என்பதே அங்கே பத்திரமாகிவிடுகிறது.

ஒப்பந்தம் என்னும் தாள்

'ஃப்ரீ விசா' என்று நாம் சொல்வது எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லாத ஒன்று. ஒரு கஃபீலின் பெயரில் விசா பெற்று வேறோரிடத்தில் வேலை செய்வதே அது. கஃபீல் 'ஓடிப்போனவர்' என்று புகார் கொடுத்தால், உழைத்தவர் ஒரே நாளில் சட்டத்திற்குப் புறம்பானவராகிறார். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை தேடுவோரின் நிலையும் இத்தகையதே.

பத்தாம் வகுப்புத் தேறாதவர் கடவுச்சீட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். சவூதி அரேபியா, அமீரகம், குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி அவர்களுக்குத் தேவை. இதனைத் தடை என்று கருதித் தரகர்கள் வழி காட்டுவார்கள். ஆனால் அந்த அனுமதியோடுதான் ஒப்பந்தம் அரசிடம் பதிவாகிறது. பிரவாசி பாரதீய பீமா காப்பீடும் கட்டாயமாகிறது. 2017இல் திருத்திய திட்டப்படி இரண்டாண்டுக் கட்டணம் 275 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடமானாலோ 10 இலட்சம் ரூபாய் கிடைக்கும். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பொன்று தீப்பற்றியபோது உயிரிழந்த இந்தியர்களில் தமிழர் ஏழு பேர். அத்தகைய நாளில்தான் ஒரு தாளின் அருமை தெரிகிறது. பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களிடம் சட்டம் இவற்றைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. அவர்கள் தாமாகவே கேட்டுப் பெற வேண்டும்.

ஒப்பந்தத்தில் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்ப்பது இன்னொரு பிழை. அமீரகச் சட்டப்படி, ஓராண்டு முடித்தவருக்கு முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள், அதன்பின் 30 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகக் கணக்கிடப்படும். மொத்தத் தொகை ஒன்றாகவே இருந்தாலும், அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துப் படிகளைக் கூட்டி எழுதினால், பத்தாண்டு முடிவில் கையில் வருவது பாதியாகக்கூடும். கையொப்பமிடும்முன் இந்த ஒரு வரியைப் படித்துச் சொல்ல ஊரில் ஒருவர் வேண்டாமா?

அனுப்பிய பணம் யாருடையது?

மிகக் கசப்பான இழப்பு அந்நிய நாட்டில் நேர்வதன்று, வீட்டுக்குள் நேர்வது. மகன் ஆண்டுக்கணக்கில் பணம் அனுப்புகிறார். தந்தை தம் பெயரில் மனை வாங்கி வீடு கட்டுகிறார். தந்தை மறைந்தபின் அந்த வீடு அவரது சொத்தாகவே கொள்ளப்பட்டு, ஷரீஅத்தின் பாகப்பிரிவினைக்கு வருகிறது. தாய்க்கு எட்டிலொன்று, எஞ்சியதில் சகோதரிக்கு ஒரு பங்கு, சகோதரனுக்கு இரு பங்கு. பணம் அனுப்பியவருக்கும் ஊரில் இருந்த தம்பிக்கும் ஒரே பங்குதான். இதில் வாரிசுரிமைச் சட்டத்தின் பிழை எதுவுமில்லை; உரிமையை எழுதி வைக்காத பிழையே உள்ளது. பிறர் பெயரில் மட்டும் பதிந்த சொத்தைத் தம் பணத்தில் வாங்கியது என்று உரிமை கோருவதற்கு 1988ஆம் ஆண்டின் பினாமிச் சட்டமும் குறுக்கே நிற்கும். 2016இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது.

அனுப்பும் பணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: திரும்பக் கேட்காத அன்பளிப்பான ஹிபா, திருப்பித் தரவேண்டிய கடன், பாதுகாக்கத் தந்த அமானிதம். மூன்றுக்கும் மார்க்கச் சட்டம் வேறு. எது எதற்கு என்று ஒரு கடிதத்திலேனும் குறித்து வைத்தால், தந்தைக்கும் மகனுக்கும் இடையே ஐயத்திற்கு இடமிராது. வீட்டில் இருந்து முதியோரைப் பேணிய தம்பியின் உழைப்பும் அப்போது மறக்கப்படாது. கணக்கு எழுதுவது நம்பிக்கையின்மை அன்று. உறவைக் காக்கும் வேலி.

எழுத முடியாத கணக்கு

எழுத முடியாத கணக்கு ஒன்றும் உண்டு: அது ஆண்டுகளின் கணக்கு. கலீஃபா உமர் (ரலி) ஓர் இரவு நகர்வலம் வருகையில், போர்முனைக்குச் சென்ற கணவனை நினைத்துப் புலம்பும் ஒரு பெண்ணின் குரலைக் கேட்டார். கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கேட்டறிந்தார். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. அதற்குமேல் வீரர்களை முனையில் நிறுத்தக்கூடாது என ஆணையிட்டார். போருக்கே வரம்பு கட்டிய மரபு இது. இரண்டாண்டுக்கு இரண்டு மாத விடுமுறை என்னும் நம் வழக்கத்தில், இருபது ஆண்டு இல்லறத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்வது இரண்டாண்டும் நிரம்பாது. மனைவியின் மனமொப்பிய இசைவைக் கேட்காமல் இதனை முடிவு செய்ய நமக்கு உரிமையில்லை. எவ்வளவு தொகை சேர்ந்தால் திரும்புவது என்பதையும் இருவரும் புறப்படும்போதே பேசி முடிக்க வேண்டும். அந்த எல்லை குறிக்கப்படாதபோது, மகள் திருமணம், மாடிக்கு மேல் மாடி என்று திரும்பும் நாள் தள்ளிக்கொண்டே போகிறது.

ஜமாஅத்துகள் நிக்காஹ் பதிவேட்டை எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கின்றன! வலியும் சாட்சிகளும் மஹர் தொகையும் இன்றி எந்தத் திருமணமும் அதில் ஏறுவதில்லை. அதே மேசையில் இன்னொரு பதிவேடும் இருக்கலாம். ஊரிலிருந்து புறப்படுபவரின் ஒப்பந்தப் படி, காப்பீட்டு எண், முகவரின் பதிவு எண், தரப்பட்ட தொகை ஆகியவை அதில் பதியட்டும். பைத்துல்மாலில் ஒரு பகுதி, வட்டியில்லா அழகிய கடனாகப் புறப்படுவோருக்கு உதவட்டும். ஒப்பந்தத்தைப் படித்து விளக்க ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோ, திரும்பி வந்த சபுராளி ஒருவரோ போதும். லெப்பைக்குடிகாட்டிலோ வி.களத்தூரிலோ இதனைத் தொடங்கப் பெரும்பொருள் தேவையில்லை. வேண்டியவை ஒரு குறிப்பேடும் ஒரு பேனாவும், எழுதச் சலிக்காத மனமுமே.