வாய் ஏன் துவர்க்கிறது?

சரியாகப் பழுக்காத நாவற்பழத்தைக் கடித்திருக்கிறீர்களா? வாய் இழுத்துப் பிடிக்கும். நாக்கு சொரசொரவென்று ஆகிவிடும். இந்தத் துவர்ப்பு, இனிப்பையும் புளிப்பையும் போன்றது அல்ல. இதில் பெரும்பங்கு தொடு உணர்ச்சிதான்.

நம் உமிழ்நீர் வழுவழுப்பாக இருப்பதற்கு அதிலுள்ள புரதங்கள் காரணம். நாவல், பாக்கு, தேயிலை எல்லாவற்றிலும் டானின் என்ற பொருள் இருக்கிறது. டானின் மூலக்கூறுக்குப் பல கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் ஒரு புரதத்தையும் இன்னொரு கையால் அடுத்த புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட புரதங்கள் திரண்டுவிடும். வழுவழுப்பு போய், நாக்கும் அண்ணமும் உராயத் தொடங்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். பால் ஊற்றாத, ஆறிய கெட்டி டீயை ஒரு வாய் குடியுங்கள். பிறகு அதே டீயில் பால் கலந்து குடியுங்கள். துவர்ப்பு குறைந்திருக்கும். பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் முந்திக்கொண்டு டானினோடு சேர்ந்துவிட்டது! தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் டீக்கடையில் குடிக்கும் பால் டீ அவ்வளவாகத் துவர்க்காததற்கும் இதுவே காரணம்.

செடிக்கு இதில் என்ன லாபம்? இலையைத் தின்னும் விலங்கின் வயிற்றில், உணவுப் புரதங்களையும் செரிமான நொதிகளையும் டானின் பிடித்துக்கொள்ளும். தின்றது சரியாகச் செரிக்காது. விலங்குகளும் சும்மா இருப்பதில்லை. டானின் மிகுந்த சோளத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். டானினைப் பிடிக்கும் புரதங்களை அவற்றின் உமிழ்நீர்ச் சுரப்பிகள் சில நாட்களிலேயே நிறைய உண்டாக்கத் தொடங்கின.

மனிதர்கள் இதே பிடியைத் தொழிலுக்குப் பயன்படுத்தினார்கள். விலங்கின் தோலில் கொலாஜன் என்ற புரதம் நார்நாராக இருக்கிறது. பச்சைத் தோலை அப்படியே விட்டால் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து அழுகச் செய்யும். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டை ஊறிய நீரில் தோலைப் போட்டுப் பதனிட்டார்கள். பட்டையின் டானின் கொலாஜன் நார்களைப் பிணைத்ததும் தோல் எளிதில் அழுகாது. இன்று பெரும்பாலும் குரோமிய உப்பால்தான் தோல் பதனிடப்படுகிறது. இதையெல்லாம் ஆராய, 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னை அடையாற்றில் இருக்கிறது. தோலைக் காலணியாக வடிவமைக்கக் கற்றுத்தரும் கல்வி நிறுவனம் ஒன்று ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கிறது.

வாயைத் துவர்க்க வைப்பதும் தோலைக் காப்பதும் ஒரே வகைப் பொருள்தான். ஆகவே, துவர்க்கும் மூலிகை, கஷாயம் என்று யாராவது சொன்னால், "இயற்கையானது, நல்லது" என்பதோடு நின்றுவிடாதீர்கள். அது உடம்பில் எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது, பிடித்தபின் என்ன ஆகிறது என்று கேளுங்கள்.